தந்தித் தாத்தா

ஃப்ரெண்ட்ஸ், ஒரு நிமிஷம் இந்தப் பக்கத்தை மடக்கி வச்சுட்டு உங்க செல்லை எடுங்க. உங்க தாத்தாவோ பாட்டியோ கடைசியா உங்களுக்கு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் என்னன்னு பாருங்க. ரோஜாப்பூ படத்தோட 'இனிய காலை வணக்கம்', பிள்ளையார் படம், 'இதைப் பத்து பேருக்கு அனுப்பவும்'... இதுல ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கரெக்டா?

என் தாத்தா எனக்கு அனுப்பின கடைசி மெசேஜைச் சொல்லவா? 'ரிசீவ்டு.'

அவ்ளோதான். செகண்ட் இன்டர்னல் மார்க்கை போட்டோ எடுத்து, நாலு பொம்மையும் சேர்த்து, "தாத்தா! கிளாஸ்ல செகண்ட்!"னு அனுப்பியிருந்தேன். வேற எந்தத் தாத்தாவா இருந்தாலும் தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்திருப்பார். நம்மாளு... 'ரிசீவ்டு.'

போன் பண்ணினாலும் அதே கதைதான். "சாப்பிட்டியா? படி. வைக்கேன்." மொத்தம் மூணே வார்த்தை. எங்க ஹாஸ்டல் ரூம்ல இதுக்கு ஸ்டாப் வாட்ச் போட்டே பார்த்திருக்காங்க. அதிகபட்சம் 14 செகண்ட், ரெக்கார்டு 9 செகண்ட். "உங்க தாத்தா என்ன, வார்த்தைக்கு இவ்ளோன்னு காசு கட்டிப் பேசுறாரா?"ன்னு ரூம் மேட் கேட்டா. காமெடியாத்தான் கேட்டா. ஆனா உண்மை அதுதான். 39 வருஷம் வார்த்தையை எண்ணி எண்ணியே வேலை பார்த்த மனுஷன் அவர். தந்தி ஆபீஸ்ல டெலிகிராபிஸ்ட்.

இந்த இடத்துல 'தந்தின்னா என்ன?'ன்னு கேட்கிற ஜூனியர்ஸுக்காக ஒரு பத்து வரி. தினத்தந்தி இல்லீங்க, நிஜத் தந்தி. (அந்தப் பேப்பர் மதுரையில் ஆரம்பிச்சது 1942-ல. தாத்தா பிறந்ததும் அதே வருஷம்தான். 'நானும் பேப்பரும் ஒரே செட்டு' என்பது அவர் வாழ்க்கையில் அடிச்ச ரெண்டு மூணு ஜோக்குல ஒண்ணு.) ஒரு ஊர்ல ஒருத்தர் பித்தளைச் சாவியைத் தட்டுவார். கம்பி வழியா கரன்ட் போய், அடுத்த ஊர்ல இருக்கிற 'சவுண்டர்'ங்கிற கருவி கட்... கட்-கட்னு அடிக்கும். சினிமாவுல வர்ற மாதிரி பீப் பீப்னு பாட்டுப் பாடாது. ரெண்டு தட்டலுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி சின்னதா இருந்தா புள்ளி, கொஞ்சம் இழுத்தா கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்து எழுத்து. எழுத்து சேர்ந்து சேதி. காதால கேட்டுக்கிட்டே கையால எழுதிக்கிட்டே போகணும், 'ஒன்ஸ் மோர்' எல்லாம் அடிக்கடி கேட்க முடியாது. இதுதான் மோர்ஸ்.

வார்த்தைக் கணக்குக்குத்தான் காசு. அதனால கவுண்டர்ல தாத்தா வேலையில பாதி, வார்த்தையை வெட்டுறதுதான். எழுதத் தெரியாத ஜனங்க அழுதுகிட்டே வந்து நிற்பாங்க. அவங்க பெருசா என்னென்னமோ சொல்வாங்க. தாத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, குறைஞ்சபட்சக் கட்டணத்துக்குள்ள அடங்குற மாதிரி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை எழுதுவார். 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.'

இந்த 'சீரியஸ்' இருக்கே, அதுக்கு ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர்ப் பக்கம் ஆள் போயிட்டாக்கூட பல பேர் தந்தியில 'சீரியஸ்'னுதான் போடச் சொல்வாங்களாம். ஏன்னு சின்ன வயசுல ஒரு தடவை கேட்டேன். "வாரவன் ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்து வரணும்லா ஏட்டி. ஊர் வந்து சேருத வரைக்கும் ஒரு நம்பிக்கை வேண்டாமா?"ன்னார். அவர் வழக்கத்துக்கு அது ரொம்ப நீளமான பேச்சு. அதனாலதானோ என்னமோ எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு.

தந்தின்னாலே சாவுச் சேதின்னு ஊர்ல ஒரு பயம் இருந்த காலம் அது. காக்கி யூனிஃபார்ம் போட்ட தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினா, கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுல ஒப்பாரி ஆரம்பிச்சிரும். எங்க ஆச்சிக்கும் அதே கதை நடந்திருக்கு. கல்யாணம் ஆன புதுசு, 1967. தாத்தா வேலைக்குத் திரும்பி மதுரைக்குப் போயிட்டார். மறுநாள் பாளையங்கோட்டை வீட்டு வாசல்ல தந்திக்காரர். ஆச்சி 'ஐயோ'ன்னு வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டு விழ, தெருவே கூடிருச்சு. இங்கிலீஷ் தெரிஞ்ச எதிர்வீட்டு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்து படிக்கச் சொன்னா, உள்ளே இருந்தது ரெண்டு வார்த்தை. 'ரீச்ட் சேஃப்லி.'

போய்ச் சேர்ந்துட்டாராம்! புதுப் பொண்டாட்டிக்கு லெட்டர் போட்டா மூணு நாள் ஆகும், அவ பயப்படுவாளேன்னு தந்தி அடிச்சிருக்கார். அந்தத் தந்தியால அவ செத்துப் பிழைச்சா. வாத்தியார் அடுத்த தடவை தாத்தா வந்தப்போ நல்லா டோஸ் விட்டாராம். தாத்தா நிறுத்தலை. எந்த ஊருக்கு மாத்தலாகிப் போனாலும், ரிலீவிங் டியூட்டிக்குப் போனாலும், இறங்கினதும் ஒரு 'ரீச்ட் சேஃப்லி'. கொஞ்ச நாள்ல எங்க தெருவுல மட்டும் தந்திக்காரரைப் பார்த்து யாருமே பயப்படலை. "என்னம்மா, உன் வீட்டுக்காரரு போய்ச் சேர்ந்துட்டாராமா?"ன்னு கேட்டுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிருவாங்களாம்.

ரொமான்ஸ்ல இது எந்தக் கேட்டகிரின்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

ஆனா ஆபீஸ்ல நடந்ததைப் பத்தி அவர் வாயைத் திறக்கவே மாட்டார். யாருக்கு என்ன தந்தி வந்துச்சுன்னு வெளிய சொல்றது குற்றம். 1885-ம் வருஷத் தந்திச் சட்டத்துலயே இருக்குன்னு சொல்வார். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து சம்மதம்னு தந்தி வந்தப்போகூட, தந்திக்காரர் வந்து கொடுக்கிற வரைக்கும் முகத்துல ஒரு சிரிப்புகூட இல்லாம வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிச்ச ஆளு. ரிட்டையர் ஆகி 20 வருஷம் கழிச்சும் அப்படித்தான்.

ஒரே ஒரு ராத்திரியைப் பத்தி மட்டும் சொல்லியிருக்கார். 1964 டிசம்பர் 22. அவருக்கு 22 வயசு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, மதுரையில் நைட் டியூட்டி. ராமேஸ்வரம் பக்கம் புயல். தனுஷ்கோடி லைனைக் கூப்பிடுறாங்க, கூப்பிடுறாங்க, பதிலே இல்லை. லைன் அறுந்தா சரி பண்ணுவாங்க, விடிஞ்சா வந்துரும்னு நினைச்சாராம். விடிஞ்ச பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சது. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் நூத்துக்கும் மேல ஆளுங்களோட கடல்ல போயிருச்சு. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் போச்சு. ஊரே இல்லை. அதுக்கப்புறம் தனுஷ்கோடி மனுஷங்க குடியிருக்க லாயக்கில்லாத ஊர்னு அரசாங்கமே சொல்லிருச்சு. "அங்க சாவியில உக்காந்திருந்தவன் மூஞ்சியை நான் பார்த்ததே கிடையாது. ஆனா அவன் கையைத் தெரியும்"னார்.

கையைத் தெரியும்னா? நீங்க போன்ல குரலை வச்சுக் கண்டுபிடிக்கிற மாதிரி, தட்டுற தாளத்தை வச்சே அந்தப் பக்கம் யார்னு கண்டுபிடிப்பாங்களாம். ஒருத்தர் கோட்டை இழுப்பார், ஒருத்தர் அவசரப்படுவார், ஒருத்தர் சில எழுத்துல மட்டும் தடுக்குவார். கையெழுத்து மாதிரி, அது கைத்தட்டு.

2013-ல இந்தியாவுல தந்தியை மூடினாங்க. 1850-ல கல்கத்தாவுல சோதனையா கம்பி இழுத்ததுல இருந்து கணக்குப் பண்ணினா 163 வருஷம். கடைசி நாள் ஜூலை 14, ஞாயித்துக்கிழமை. அப்போ நான் சென்னையில நாலாங்கிளாஸ். ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்த தாத்தா, காலையிலயே வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கிட்டு, "வாட்டி"ன்னு என்னைக் கூட்டிட்டுப் போனார். போனா தந்தி கவுண்டர்ல திருவிழாக் கூட்டம்! வாழ்நாள்ல தந்தியையே பார்க்காத காலேஜ் அண்ணன்களும் அக்காக்களும் அவங்கவங்களுக்கே 'என் கடைசித் தந்தி'ன்னு அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. சாவியும் இல்லை, சவுண்டரும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். நான் எனக்கும் ஒண்ணு கேட்டு அடம்பிடிச்சேன். "விசயம் இருந்தாத்தான் தந்தி அடிக்கணும்"னுட்டார்.

ரெண்டு மணி நேரம் க்யூவுல நின்னு, ஃபார்மை வாங்கி, பாளையங்கோட்டை அட்ரஸை எழுதி, அவர் எழுதின சேதி என்ன தெரியுமா? 'ரீச்ட் சேஃப்லி.'

"நேத்தே ஆச்சிக்குப் போன்ல சொல்லிட்டீங்களே தாத்தா!"

"போன்ல சொன்னது வேற."

எனக்கு செம கடுப்பு. சரித்திரத்துல இடம்பெறப் போற தந்தியில ஒரு டயலாக் வேண்டாமா? வர்ற வழியில ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்ணினார்.

இனிமேல் சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான பகுதி. நான் பண்ணின தப்பு.

பிளஸ் டூ முடிச்சு கோயம்புத்தூர்ல ஈ.சி.ஈ. சேர்ந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன். அந்த 'கம்யூனிகேஷன்'ங்கிற வார்த்தையில தாத்தாவுக்கு ஒரு சந்தோஷம். என் வேலையை இவளும் பார்க்கப் போறான்னு நினைச்சிருப்பார் போல. ஃபர்ஸ்ட் இயர் லீவுல ஊருக்குப் போனப்போ, என் பையில இருந்த புஸ்தகங்களை ஒண்ணொண்ணா எடுத்துப் புரட்டினார். ரொம்ப நேரம் கழிச்சு, "மோர்ஸ் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"ன்னார்.

நான் இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் பார்த்துக்கிட்டே, "அதெல்லாம் பழசு தாத்தா. சிலபஸ்ல கிடையாது"ன்னேன்.

"வேணும்னா நான் சொல்லித்தாரேன். ஒரு வாரம் போதும்."

"எதுக்குத் தாத்தா? யூஸே இல்லையே."

"சரி"ன்னு சொல்லிட்டு, புஸ்தகங்களை எடுத்த மாதிரியே அடுக்கிப் பையில வச்சு ஜிப்பைப் போட்டார். திட்டலை, கோபப்படலை. 'சரி.' அதுவும் ஒரு வார்த்தைதான்.

அஞ்சாவது செமஸ்டர்ல பல்பு வாங்கினேன். கோடிங் தியரி கிளாஸ். எந்த எழுத்து அதிகமா வருதோ அதுக்குச் சின்னக் கோடு கொடுக்கணும், அரிதா வர்றதுக்கு நீளமான கோடு கொடுக்கணும், அப்போதான் மொத்தச் சேதியும் சுருங்கும். 1952-ல ஹஃப்மேன் கண்டுபிடிச்ச முறை. நீங்க அனுப்புற போட்டோ ஃபைலைச் சுருக்குறதுல இன்னிக்கும் அது இருக்கு. மேடம் போர்டுல எழுதிக்கிட்டே, "இந்த ஐடியா புதுசு இல்லை. மோர்ஸ்ல 'இ'க்கு ஒரே புள்ளி, 'டி'க்கு ஒரே கோடு, ஆனா 'க்யூ'வுக்கு நாலு. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"ன்னாங்க.

நான் யோசிச்சதில்லை. ஆனா 39 வருஷம் அதை விரல்ல வச்சிருந்த ஒருத்தர், சொல்லித்தாரேன்னு எங்கிட்ட வந்து கேட்டிருக்கார். அன்னிக்கு சாயங்காலமே போன் பண்ணி, "தாத்தா, மோர்ஸ் சிலபஸ்ல வந்துருச்சு!"ன்னு சொல்லணும்னு நினைச்சேன். ரெக்கார்டு நோட் இருந்துச்சு. அப்புறம் சிம்போசியம், அப்புறம் செமஸ்டர். நேர்லயே சொல்லிக்கலாம், பொங்கலுக்குப் போகத்தானே போறோம்னு விட்டுட்டேன்.

2025 ஜனவரி முதல் வாரம் தாத்தாவுக்கு ஸ்ட்ரோக். மூளையோட இடது பக்கம். வலது கை, வலது கால் விழுந்துருச்சு. பேச்சு போச்சு. நான் போய்ப் பார்த்தப்போ கண்ணு மட்டும் என்னைத் தெரிஞ்சுக்கிச்சு. அப்புறம்தான் கவனிச்சேன்... இடது கை ஆள்காட்டி விரல், கட்டிலோட இரும்புக் கம்பியில தட்டிக்கிட்டு இருந்துச்சு. கட்... கட்-கட்... கட்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'தாத்தா மோர்ஸ்ல பேசுறார்!' செல்லை எடுத்து வீடியோ எடுத்தேன். நெட்ல சார்ட்டை இறக்கினேன். ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்து, வீடியோவை மெதுவா ஓட விட்டு, புள்ளி, கோடு, புள்ளின்னு ரஃப் நோட்டுல எழுதினேன். விடிகாலை நாலு மணிக்குக் கையில இருந்தது: இ, டி, இ, ஐ, எம், என், இ, இ, ஏ.

சித்தப்பாவுக்குக் காட்டினேன். "'எம்'னா என் பேருல்லா! என்னைத்தான் கூப்பிடுதாரு"ன்னு அழ ஆரம்பிச்சுட்டார். அத்தை, இல்லை, 'ஏ' என் பேரோட முதல் எழுத்துன்னாங்க. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மேடம் சொன்ன அதே பாடம்தான். இதெல்லாம் ரொம்பச் சின்ன கோடு இருக்கிற எழுத்துங்க. ஒரு குழந்தை சும்மா தட்டினாக்கூட அதிகமா வர்றது இதுதான். காலையில டாக்டர் கிட்ட கேட்டேன். வாய் மட்டும் போயிருந்தா எழுதிக்காட்ட முடியும், ஆனா இவருக்கு அடிபட்டது பேச்சை உண்டாக்குற இடத்துலயே, அதனால எழுத்து, சைகை எல்லாமே சேர்ந்து பாதிச்சிருக்கலாம்னு பொறுமையாச் சொன்னார்.

ஆச்சி எதையும் கேட்கலை. கட்டில் பக்கத்துல உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கிட்டு இருந்தா. "நீங்க என்னத்த எழுதி எழுதிப் பாக்கிய? கல்யாணம் ஆனதுல இருந்து தூக்கத்துல இப்படித்தான் தட்டுவாவ. என் முதுகுல எத்தன நாள் தட்டியிருக்காவ தெரியுமா?"ன்னா. அந்த ரஃப் நோட்டை நான் மூடி வச்சுட்டேன்.

லேப் எக்ஸாம் ஒண்ணு இருந்ததால மறுநாள் ராத்திரி கோயம்புத்தூர் திரும்பினேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் அப்பா போன். அப்பாவும் தாத்தா மாதிரிதான், ரொம்பப் பேச மாட்டார். "தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியலைம்மா. கிளம்பி வா."

சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.

எனக்கு அந்தச் சேதியைப் படிக்கத் தெரியும். அப்பாகிட்ட எதுவும் கேட்கலை. காந்திபுரத்துல பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திண்டுக்கல் தாண்டுற வரைக்கும், 'கொஞ்சம் முடியலைன்னுதானே சொன்னார்'னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தெரிஞ்சும் சொல்லுச்சு. தாத்தா சொன்ன அந்த 'நம்பிக்கை' எப்படி வேலை செய்யுதுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. விடிகாலை தெருமுனையில இறங்கினப்போ பந்தல் போட்டிருந்தாங்க.

சொந்தக்காரங்க க்ரூப்ல போடுறதுக்கு மெசேஜ் எழுதுற வேலை எனக்கு வந்துச்சு. 'ஆழ்ந்த வருத்தத்துடன்'னு ஆரம்பிச்சு, 'பாசமிகு தந்தை, அன்புக் கணவர்'னு நூறு வார்த்தைக்கு மேல எழுதினேன். அப்பா வாங்கிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம ஒவ்வொண்ணா அழிச்சார். கடைசியில மிச்சம் இருந்தது, அப்பா காலமானார், இன்று மாலை நாலு மணி, பாளையங்கோட்டை. அதைப் பார்த்துட்டு அப்பா முதல் தடவையா அழுதார்.

அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் நடுவுல எப்பவும் ஒரு தூரம் இருந்துச்சு. காரணம் எனக்கு ஓரளவு தெரியும். தாத்தாவோட அப்பா, அதாவது என் பூட்டன், 1971-ல செத்தப்போ, மூத்த மகனான தாத்தா நேரத்துக்கு வரலை. தம்பிதான் கொள்ளி வச்சார். 'அப்பன் சாவுக்கு வராத பய'ன்னு சொந்தக்காரங்க கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினாங்க. ஒவ்வொரு கல்யாண வீட்டுலயும் அந்தப் பேச்சு வரும். தாத்தா எழுந்து கை கழுவப் போயிருவார். 'நீங்க ஒரு வார்த்தை பதில் சொல்ல மாட்டீங்களா?'ன்னு அப்பா சின்ன வயசுல கேட்டிருக்கார். பதில் வரலை. அந்தக் கோபம் அப்பாவுக்குப் போகவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, சாப்பிட்ட இலையெல்லாம் எடுத்து, வீடு அமைதியானப்போ ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறந்தா. உள்ளே ஒரு மஞ்சள் பையில தந்திகள். நாப்பதுக்கும் மேல இருக்கும். எல்லாம் 'ரீச்ட் சேஃப்லி'. மேல இருந்தது 2013-ல நானும் கூடப் போய் அடிச்சது. "ஆச்சி, உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, எப்படிப் படிச்சே?"ன்னேன். "எதுக்குப் படிக்கணும்? எல்லாத்துலயும் ஒண்ணுதான எழுதியிருக்கும்"னா.

அடியில மட்டும் வேற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. ஆச்சி பேர்ல வந்தது இல்லை, தாத்தா பேருக்கு வந்தது. அட்ரஸ் கோயம்புத்தூர் தந்தி ஆபீஸ். சேதி, 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி'. எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்த உடனே அப்பா நிமிர்ந்து ஆச்சியைப் பார்த்தார். அது தாத்தாவோட கையெழுத்து.

ஆச்சி அப்போதான் சொன்னா. அம்பாசமுத்திரத்துல சாயங்காலம் கொடுத்த தந்தி, ஊர் ஊரா கை மாறி, கோயம்புத்தூருக்கு ராத்திரி 11 மணிக்குப் போயிருக்கு. அங்கே சவுண்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தது தாத்தா. முதல்ல அட்ரஸ்தான் வரும். அவர் பேரை அவரே எழுத்து எழுத்தா எழுதியிருக்கார். அப்புறம் 'ஃபாதர்'. அப்புறம் 'சீரியஸ்'. எத்தனையோ பேருக்கு அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்த ஆளுக்கு அதோட அர்த்தம் தெரியாதா? ராத்திரி பூரா பஸ்ஸுல வர்றவனுக்கு இருக்கிற நம்பிக்கைகூட அவருக்கு இல்லை.

"உடனே கிளம்பியிருந்தா வந்திருக்கலாம்லா அம்மா?"ன்னார் அப்பா. குரலே வரலை.

"நானும் அன்னைக்கு அதத்தான் கேட்டேன். மாத்தி விட ஆளில்லன்னாவ. வரிசையில இன்னும் பதினேழு தந்தி நின்னுச்சாம். அதுல மூணு சீரியஸ்னாவ. அத முடிச்சு, காலையில ஆள் வந்ததுக்கப்புறம்தான் பஸ் ஏறியிருக்காவ. இங்க மூணு மணிக்கு எடுத்துட்டாங்க. இவிய வந்தது ஆறு மணிக்கு."

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாவ. தந்தியில வந்தத வெளிய சொல்லக்கூடாதாம்லா."

அப்பா எழுந்து பின்பக்கம் போனார். ரொம்ப நேரம் குழாயடியில தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. ஏற்கெனவே கழுவி வச்சிருந்த குத்துப்போணியை மறுபடி தேய்ச்சுக்கிட்டு இருந்தார். நான் கிட்டப் போகலை.

நான் பிறகு மோர்ஸ் கத்துக்கிட்டேன். தாத்தா சொன்ன மாதிரி ஒரு வாரத்துல எல்லாம் வரலை, மூணு மாசம் ஆச்சு. ஏதோ பரிகாரம்னு நினைச்சுடாதீங்க, சொல்லித்தர வேண்டியவர் இல்லாம கத்துக்கிறதுல ஒரு சுகமும் இல்லை. இப்போ காதால கேட்டே ஓரளவு எழுத்து பிடிக்க வருது. அதனால போன மாசம் அந்த ஆஸ்பத்திரி வீடியோவைத் திரும்பப் போட்டேன், திரையைப் பார்க்காம, ஹெட்போன்ல சத்தம் மட்டும். அப்பவும் ஒரு வார்த்தைகூடத் தேறலை. ஆனா மூணு தட்டலுக்கு ஒரு தடவை, லேசா நின்னு, ஒரு சின்ன இழுப்பு வருது. அவர் சாப்பாட்டு மேஜையில, பஸ் சீட்டுக் கம்பியில, என் தோள்ல தட்டினதெல்லாம் அந்த இழுப்போடதான். சேதி எதுவும் இல்லை. கை தாத்தாவோடது.

ஆச்சிக்கு இப்போ 77. பாளையங்கோட்டை வீட்டை விட்டு வர மாட்டேங்கிறா. சித்தப்பா பக்கத்துத் தெருவுல இருக்கார், பார்த்துக்கிறார். போன லீவுல நான் கிளம்புறப்போ, வாசல்ல நின்னுக்கிட்டு, யார்கிட்டயோ பேசுற மாதிரி சொன்னா. "எங்க போனாலும் போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி அடிச்சிருவாவ. இந்தத் தடவதான் ஒண்ணையும் காணோம்."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னேன். அவளே, "சரி, பஸ்ஸு வந்துரும், நீ போ"ன்னுட்டா.

காலையில அஞ்சரை மணிக்கு காந்திபுரத்துல இறங்கினேன். ஆச்சிகிட்ட இருக்கிறது பட்டன் போன். பத்து நம்பரையும் தட்டிட்டுக் காத்திருந்தேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தா.

"வந்து சேர்ந்துட்டேன் ஆச்சி."

"சரி. சாப்பிடு. வைக்கேன்."

7 செகண்ட்.